அசையாத புள்ளி

தேவராஜ மொஹல்லாவின் சந்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. முன்னால் சாமந்தி மூட்டைகளோடு ஒரு தள்ளுவண்டி சக்கரம் கழன்று சாய்ந்திருக்கிறது. சந்துக்கு மேலே கட்டிய தார்ப்பாய்களின் இடுக்கில் விழும் வெயிலை உள்ளங்கையால் மறைத்து, ஓட்டுநர் டேவிஸ் வண்டியின் வழிகாட்டித் திரையைப் பார்க்கிறான். ஜிபிஎஸ்ஸோடு நம் நாட்டு நாவிக்கும் இன்னும் இரண்டு நாட்டுச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து வண்டி நிற்கும் இடமாகக் காட்டும் நீலப் புள்ளி சந்தின் நடுவில் இருக்கிறது. போன மாதம்வரை ஜிபிஎஸ் மட்டும் இருந்தபோது அது அடிக்கடி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். “ஸ்வல்ப, கொஞ்சம் வழி விடுங்க” என்றபடி நர்ஸ் ஜெசிந்தா சிறிய ஆக்சிஜன் சிலிண்டரை அணைத்துக்கொண்டு, சந்து முனையில் மூச்சுத் திணறுபவரின் வீட்டுக்கு நடக்கிறாள். ஆஸ்பத்திரியில் அதே புள்ளியைக் கண்காணிப்பவரிடமிருந்து போன். “புள்ளி அஞ்சு நிமிஷமா அசையலையே டேவிஸ், சாட்டிலைட் போச்சா?” டேவிஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கிறான். “இல்ல சார். சரியாத்தான் காட்டுது.”