பெயிண்டருக்கு ஸ்பானிஷில் என்ன?

"பெயிண்டர்ங்கிறது மனுஷனே இல்ல சார். அது ஒரு கயிறு" என்றாள் சந்தேகம்.

சீனியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக ஆங்கிலத்தை ஸ்பானிஷாக மாற்றித் தள்ளிக்கொண்டிருப்பவர். அவள் மொழிபெயர்ப்பில் இருந்த 'போசா'வை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'பின்தோர்', 'பின்தோர்' என்று எழுதி வைத்திருந்தார்.

சந்தேகம் என்பது அவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர். 'ஷீட்' என்று வந்தால் போதும், படுக்கை விரிப்பா, தாளா, தகரமா என்று வேலை கொடுத்தவருக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவாள். "உங்களை நம்பிக் கொடுத்தா என்னையே கேக்குறீங்களே" என்று ஒருவர் சலித்துக்கொள்ள, இனிமேல் யாருக்கும் போன் போடக் கூடாது என்று ஆபீஸை நடத்தும் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மூன்று மாத சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமானால்தான் விடுதியைக் காலி செய்துவிட்டு ஒரு வீடு பிடிக்கலாம். அம்மாவிடம் விட்டுவைத்திருக்கும் மகளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். காலையில்கூட "எப்பம்மா வந்து கூட்டிட்டுப் போவே?" என்று அந்தக் குட்டி போனில் கேட்டது. நியமனக் கடிதம் கையெழுத்துக்காக மேடத்தின் மேஜையில் கிடந்தது.

இன்றைக்கென்று பார்த்து இந்தப் படகுக் கடிதம். ஒருவர் தன் படகை ஸ்பானிஷ்காரர் ஒருவருக்கு விற்றிருக்கிறார். ஓட்டிப்போக வந்திருக்கும் கேப்டனுக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. பதினோரு மணிக்குள் மொழிபெயர்த்து அனுப்பினால், படித்துவிட்டு அவர் கிளம்ப வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில், தந்தி அடித்த மாதிரி துண்டு துண்டாக ஆறே வரி. அதில் ஐந்து பெயிண்டரைப் பற்றி.

"சுவத்துக்கு அடிக்கிறவரும் பெயிண்டர். படம் வரையறவரும் பெயிண்டர். ரெண்டு பேருமே பின்தோர்தான். மூணாவதா கயிறு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்றார் சீனியர்.

"சின்னப் படகைக் கட்டி வைக்க முன்பக்கம் ஒரு கயிறு இருக்கும்ல, அதுக்கும் அதே பேர்தான் சார். கப்பல்காரங்க பாஷை. ஸ்பானிஷ்ல அது போசா." அவள் அகராதியை விரித்து நீட்டினாள். "கடிதத்தையும் பாருங்க. பெயிண்டர் படகோடயே போகும். பழசு, ஆனா நல்ல உறுதி. வெயில்ல ரொம்ப நேரம் விடக் கூடாது. ராத்திரி நனையக் கூடாது. கயித்தைத் தவிர வேற எதை சார் இப்படிச் சொல்லுவாங்க?"

சீனியர் கடிதத்தை வாங்கி ஒரு தடவை நிதானமாகப் படித்தார்.

"உப்பு கூடாதுன்னு ஒரு வரி இருக்கே. கடல்லயே கிடக்கிற கயித்துக்கு உப்பு கூடாதுன்னா எப்படி?"

அவள் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். "உப்புத் தண்ணி காய்ஞ்சா கயிறு இத்துப்போகும் சார். அதனால நல்ல தண்ணியில அலசி வைக்கணும். கேப்டனுக்குப் புரியட்டும்னு அதையும் சேர்த்தே எழுதிட்டேன்."

"எதுக்கும் அந்தப் படகுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

வேறு நாளாக இருந்தால் அவர் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்திருப்பாள். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டார். பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

"வேண்டாம் சார். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

மேடம் எழுந்து வந்தார். அகராதியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், சீனியரையும் ஒரு பார்வை பார்த்தார். "படகுக் கடிதத்துல பெயிண்டர்னா கயிறுதான். போசான்னே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

"இத்தனை வருஷமா பின்தோர் பின்தோர்னே காலத்தை ஓட்டிட்டேன்" என்று முணுமுணுத்தார் சீனியர். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். கொஞ்ச நேரம் கழித்து அவரே அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்.

மதியம் ஒரு மணிக்கு மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நியமனக் கடிதத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"இன்னைக்குத்தான் நீ தைரியமா ஒரு முடிவு எடுத்திருக்கே. பொண்ணை எப்ப கூட்டிட்டு வரப்போறே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஞாயித்துக்கிழமையே போயிடுவேன் மேடம்" என்றாள்.

மேடம் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போடும்போது மேஜையில் போன் அடித்தது. பேசியவர் படகுக்காரர். இவளும் கேட்கட்டும் என்று மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"கேப்டனுக்கு எல்லாம் புரிஞ்சுதா சார்?"

"என்ன புரிஞ்சுதோ தெரியலைங்க. மிச்ச வேலையைப் போற வழியில முடிச்சுத் தர்றதாத்தான் பேச்சு. அதைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னடான்னா, உங்க கடிதத்தைப் படிச்சதும் ஒரு கயித்தைத் தேடி எடுத்துப் பத்திரமா உள்ள வச்சுக்கிட்டு, படகைக் கிளப்பிட்டுப் போயிட்டார்."

மேடத்தின் பேனா அப்படியே நின்றது. சந்தேகம்தான் மெல்லக் கேட்டாள்: "அப்ப... பெயிண்டர்?"

"பெயிண்ட் டப்பாவோட எங்க மாமனார் இன்னும் கரையிலதான் நிக்கிறாருங்க."