நாலு மணி முதல் ஏழு மணி வரை

"நாலு மணியில இருந்து ஏழு மணி மட்டும் போன் கட்டாயம் ஓஃப்தானே மகள்?"

ஸைனம்பு மூன்றாவது தடவையாகக் கேட்டாள். "ஓம் உம்மா. கெமராக்கு முன்னால இருந்துதான் எழுதணும். போன் பக்கத்தில கிடந்தாலே சோதன கென்சல்" என்று கொழும்பிலிருந்து சிரித்தாள் அகீலா.

ஒன்லைனில் படிக்கிற கணக்கியலுக்கு எதற்குக் கொழும்பு என்று ஏறாவூரில் கேட்காத ஆளில்லை. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று ஸைனம்புதான் ஒற்றைக்காலில் நின்று, மூத்த மகளைத் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். இன்றைக்குக் கடைசிச் சோதனை. அது முடிந்ததும் மாமி மகன் றிஸானோடு நிக்காஹ் என்று பேச்சு. அகீலாவுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்டும் அடித்தாயிற்று.

"றிஸான் மச்சான் நாலு நாளாப் போன் எடுக்கிறாரில்ல உம்மா. கோவமா?"

"நான்தான் சொல்லி வெச்சன், படிக்கிற புள்ளையக் குழப்பாதீங்க எண்டு. ரெண்டு வருஷம் காத்திருந்தவருக்கு நாலு நாள் பெரிசா?"

அகீலாவுக்கு நிம்மதி. "எனக்காகத் துஆ செய்யிங்க உம்மா."

"செய்யாம இருப்பனா? நீ ஒண்டையும் யோசியாம எழுது."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஸைனம்பு மகளுக்கு ஒரு போன் கோல் எடுத்துப் பார்த்தாள். போன் ஓஃப். உடனே போய்க் கேட்டைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் காத்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, பெயின்ட் மணம் மாறாத ஹோலில் இருந்தார்கள். உள்ளறையில் இளைய மகள் அஸ்மியா மருதோண்டிக் கையோடு மணப்பெண்ணாக இருந்தாள்.

பிள்ளைகளின் வாப்பா முனாப், மனைவியைக் குசினிக்குள் கூப்பிட்டார். "மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்றம். அவள்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ஸைனம்பு."

"சோதன எழுதப் போற புள்ளைட்டச் சொல்லி அவள் பெயிலாகவா? ஏழு மணிக்குப் பிறகு நானே சொல்றன். நீங்க மூஞ்சக் கழுவிட்டுப் போய் இருங்க."

அவர் எந்தக் காலத்தில் மனைவியை எதிர்த்துப் பேசினார், இன்றைக்குப் பேச? முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

நிக்காஹ் முடிந்தது. பதிவுகாரர் புத்தகத்தை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பி வைத்தார். பேனையை எடுத்த மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. கையும் ஓடவில்லை.

மணி நாலே முக்கால். கொழும்பில் அகீலா இரண்டாவது கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஸைனம்பு மெதுவாகச் சொன்னாள்:

"வெக்கப்படாமக் கையெழுத்தப் போடுங்க, றிஸான்."