மாமியார் பார்த்த புள்ளி

"ஏம்மா, பாலத்து மேலயே நிக்கிறே? பஸ் மக்கர் பண்ணுதா?"

போனில் மாமியார்.

"டிராஃபிக், அத்தை."

"அப்போ நீ வர அரை மணியாவது ஆகும்." பதிலுக்குக் காத்திராமல் மாமியார் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில் இருந்த தோழியின் புருவம் உயர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. தோழி மருந்து கவுன்ட்டரில். இவள் எக்ஸ்ரே எடுப்பவள்.

"நீ பாலத்து மேல நிக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லொகேஷன் ஷேர் பண்ணியிருக்கேன். மேப்புல நான் ஒரு நீலப் புள்ளியா ஊர்ந்து வருவேன். நான் பஸ் ஏறினா போதும், கண்ணாடியை மாட்டிக்கிட்டு போனும் கையுமா உட்கார்ந்துடுவாங்க."

"நீ ஏன் ஒத்துக்கிட்டே?"

"வேலையில சேர்ந்த புதுசுல கேட்டாங்க. பெரியவங்க கேக்குறாங்களேன்னு…"

"நல்லா இருக்கு போ! அந்தக் காலத்து மாமியார் வாசல்ல நின்னு வேவு பார்த்தாங்க. உன் மாமியார் ஆகாசத்துல சாட்டிலைட்டை நிறுத்தி வச்சுப் பார்க்குறாங்க. எங்கே போறே, எங்கே நிக்கிறேன்னு சொல்றதும் சொல்லாததும் உன் உரிமைடி. ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிக்கிறே, உன்னையே ஒருத்தங்க ஊடுருவிப் பார்க்குறது உறுத்தலையா?"

அதுவரைக்கும் உறுத்தியதில்லை. இப்போது சுருக்கென்றது.

"உன் வீட்டுக்காரர் இதைத் தட்டிக் கேக்க மாட்டாரா?"

கணவன் பேச்சு வந்ததும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் தங்கம். வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை. ஆனா நான் கதவைத் திறக்கிறப்ப பாத்திரம் கழுவியிருக்கும், துணி மடிச்சிருக்கும், சுடச்சுட காபி கையில வரும். ஒரு நாளும் நான் சொன்னதில்லை. தானாவே செய்வார்."

"கொடுத்து வச்சவ! அந்த அம்மாவுக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை!"

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் போனை எடுத்தாள். கட்டைவிரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு இன்டர்நெட்டையே அணைத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஒரு முறை மணி அடித்தது. மாமியார்தான். எடுக்கவில்லை. அதற்கப்புறம் அழைப்பே இல்லை.

வழியிலேயே இறங்கினாள். வாங்குகிற எண்ணமே இல்லாமல் ஒரு செருப்புக் கடையில் நுழைந்து, சிவப்புச் செருப்பு ஒன்றைப் போட்டு நடந்து பார்த்தாள். கோன் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நடந்தாள். தான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்பதே ஐஸைவிட இனித்தது.

வீட்டுத் தெரு வந்ததும் இனிப்பு கொஞ்சம் கரைந்தது. மாமியார் கேட்டால் சொல்வதற்கு மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க அத்தை. இது என் சொந்த விஷயம்."

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

சோபாவில் கணவன் காலை நீட்டிப் படுத்திருந்தான். வயிற்றின் மேல் போனில் ஏதோ வீடியோ. நாற்காலியில் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருந்தது. சமையலறைத் தொட்டியில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகூட அப்படியே கிடந்தது.

அவளைப் பார்த்ததும் பேயைக் கண்டதுபோல் துள்ளி எழுந்தான்.

"நீ எப்படி இங்கே? அம்மா! இவ இன்னும் ஆஸ்பத்திரியிலயே இருக்கான்னு சொன்னியே!"

உள்ளேயிருந்து மாமியார் ஓடி வந்தாள். மருமகளைப் பார்த்தாள், தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"புள்ளி அங்கேயேதானேடா நிக்குது! போன் பண்ணேன், எடுக்கலை. சரி, வேலை ஜாஸ்தி போலன்னு…" பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "படுபாவி, போட்டு உடைச்சுட்டியே!"

அவள் துணி மலையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"அப்போ… தினமும்?"

கணவன் தலையைச் சொறிந்தான். "நீ பஸ் ஏறினதும் அம்மா வந்து என் லேப்டாப்பை மூடிடுவாங்க. நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். டிராஃபிக் இருந்தாத்தான் எனக்கு மூச்சு விடவே நேரம் கிடைக்கும்."

"நல்ல பையன்தாம்மா," என்றாள் மாமியார் அவசரமாக. "தள்ளினாத்தான் ஓடுற வண்டி, அவ்வளவுதான்."

கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"செருப்பைப் போடுங்க அத்தை. காலாற நடந்துட்டு வருவோம்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதாங்க இருக்கேன். வர ஒரு மணி நேரம் ஆகும்."

அவர்கள் படி இறங்குவதற்குள் உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்தார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னை வேவு பார்க்குறீங்கன்னு நினைச்சுட்டேன் அத்தை. அவரை வேலை வாங்குறது நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தினம் அவருக்கு இல்லே தேங்க்ஸ் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கட்டினவன் தானாவே செஞ்சு வச்சிருக்கான்னு நினைச்சு, உள்ளே வர்றப்ப நீ ஒரு சிரிப்பு சிரிப்பே பாரு… எனக்கு அப்படிச் சிரிக்க ஒரு நாளும் வாய்க்கலைம்மா."