தெரு வாயை அடைக்கும் கூட்டம்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்மணிகளே, ஒரு தெருச்சண்டையைச் சொல்கிறேன்.

பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய குடியிருப்பு வரப்போகிறது, வண்டிகள் பெருகும். அதனால் பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பும் வழியை மூட வேண்டும் என்றார் சாலைப் பொறியாளர். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெருச் சங்கத் தலைவி எழுந்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல பொம்மைக் கார் ஓட்டிப் பார்த்து எங்க தெரு வாயை அடைப்பீங்களா? தினமும் நாங்க ஊரைச் சுத்தி வீட்டுக்கு வரணுமா?"

"வழியைத் திறந்தே விட்டு ஓட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க மேடம்."

திரையில் வண்டிகள் திரும்புவதற்குக் காத்து நின்றன. வரிசை வளர்ந்துகொண்டே போய், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தையும் அடைத்துக்கொண்டது.

தலைவி திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள்.

"பிள்ளைங்க வண்டிக்கு நடுவுல புகுந்து வரணுமா? வேண்டாம், மூடிடுங்க. நாங்க சுத்தியே போறோம்."

கூட்டம் கலைந்ததும் மேலதிகாரி பொறியாளரின் தோளைத் தட்டினார்.

"அந்தம்மா உங்களைக் கிழிச்சுத் தொங்கப் போட்டாங்களே, எப்படிய்யா பொறுத்துக்கிட்டீங்க?"

"பழகிப்போச்சு சார்."

வாசலிலிருந்து தலைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பேசினது போதும், வண்டியை எடுங்க. நம்ம வீட்டுக்குச் சுத்து வழியில போய் இன்னைக்கே பழகிக்கலாம்."

உங்கள் வீட்டுச் சண்டைகளும் இப்படி ஒரே வண்டியில் ஏறி வீடு திரும்பட்டும். நன்றாயிருங்கள்.