ரிப்பேர் வண்டி

"அண்ணே, நான் ஆறாப்பு படிக்கையில நின்ன வண்டி. மொதச் சம்பளத்துல அப்பாவுக்குச் சரிபண்ணிக் குடுக்கணும்," என்று மெக்கானிக் கடைக்குள் ஸ்கூட்டரை உருட்டிவந்தாள் பாண்டிச்செல்வி.

கஞ்ச அப்பா அதை ரிப்பேர் பார்க்கவேயில்லை. திருநகர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் இருவரும் நடைதான். புரோட்டா கேட்டால் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தருவார். ஆனாலும் அவர் சொல்லும் பேய்க்கதைகளில் தூரமே தெரியாது.

மெக்கானிக் சிக்கந்தர் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய ஸ்பார்க் ப்ளக்கை எடுத்தார்.

"வண்டி ரிப்பேராகி நிக்கலம்மா. ஒங்கப்பாதான் அப்பவே இதக் கழட்டி என்கிட்டக் குடுத்துவச்சாரு. ஒனக்கு ஈரல்ல கொழுப்பு, தெனம் நடக்க வைங்கன்னு டாக்டர் சொன்னாராம். நோய்னு தெரிஞ்சா புள்ள பயந்துரும்னாரு."

பாண்டிச்செல்வி ப்ளக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை உருட்டியபடியே வீடு வந்தாள்.

"ரெடியாயிருச்சாம்மா?" என்றார் வாசலில் நின்ற அப்பா.

"இல்லப்பா, இன்னும் ரிப்பேர்தான். வாங்க, நடந்துட்டு வருவோம்."