சிரித்தால் திறக்கும் டப்பா

“சிரிச்ச முகம் தெரிஞ்சாத்தான் சத்துமாவு டப்பா மூடி திறக்கும் மேடம். நன்கொடை குடுக்கறவங்க அந்த முகத்தைப் பார்க்கணும்ல?” என்றார் தொண்டு நிறுவன அமைப்பாளர்.

“அழுதா?” என்று விளையாட்டாகக் கேட்டாள் தமயந்தி.

“இன்னும் இறுக்கமா மூடிக்கும்.”

தொண்டராகச் சேர்ந்த அன்று இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மலைக்கிராமத்துக் குடிசையில், எலும்பும் தோலுமாக இருந்த செங்காயி சத்துமாவு டப்பாவின் கேமராவுக்குப் பல்லைக் காட்டினாள். மூடி அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம் சந்தோஷமா, அம்மா!” என்று கொஞ்சியது டப்பா.

மடியிலிருந்த எட்டு மாதக் குழந்தை பசியில் நெளிந்ததே தவிர அழவில்லை. டப்பாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. உடனே மூடி திறந்துகொண்டது.

தமயந்தி டப்பாவின் மேல் எழுந்த அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாதக்கணக்கில் மென்று விழுங்கியதைச் செங்காயி அன்று கேட்டேவிட்டாள்.

“அக்கா, பசிச்சா அழறதுக்கு எம்புள்ளைக்குக் கத்துக்குடுங்கக்கா.”