ராஜா உட்கார்ந்த நாற்காலி

காலையிலிருந்து நின்று நின்று அருங்காட்சியகக் காவலாளிக்குக் கால் கடுத்தது. மூலையில் கிடந்த மர நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"யோவ், எழுந்திரு!" என்று பதறி ஓடிவந்தார் அன்றுதான் பொறுப்பேற்ற அதிகாரி. "முந்நூறு வருஷத்துப் பொருள்யா! ராஜா கை பட்டே கைப்பிடி தேஞ்சிருக்கு பாரு."

"ஐயா, அது வந்து..."

"எதிர்த்துப் பேசாதே!"

நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. கூட்டம் படமெடுக்க முண்டியடித்தது. காவலாளி சுவரில் சாய்ந்து மனைவியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நாளைக்கு இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வரணும்."

"என்னங்க, மறுபடியும் புது அதிகாரி வந்துட்டாரா? வீட்டுல இருக்கிறதே கடைசி நாற்காலி. அப்புறம் நாம எதுல உட்கார்றது?"

"தரை இருக்கே. அதுக்கு யாரும் கயிறு கட்ட மாட்டாங்க."